வேலி ஃபீவர் பரிசோதனை நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று விட்டுவிடலாமா?

கேள்வி: என் தம்பி அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் நகரில் வேலை பார்க்கிறான். மூன்று வாரமாக இருமல், காய்ச்சல், எழுந்து நடக்கவே முடியாத அசதி. எக்ஸ்ரே பார்த்து நிமோனியா என்றார்கள். இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாற்றிக் கொடுத்தும் குறையவில்லை. மண்ணிலிருந்து வரும் ‘வேலி ஃபீவர்’ என்ற பூஞ்சைத் தொற்றுக்காக எடுத்த ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். அப்படியானால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். முதல் பரிசோதனை நெகட்டிவாக வருவது இந்த நோயில் சகஜம்.

காக்ஸிடியாய்டிஸ் என்ற இந்தப் பூஞ்சை அரிசோனா, தெற்கு கலிஃபோர்னியா போன்ற வறண்ட பகுதிகளின் மண்ணில் வாழ்கிறது. புழுதி பறக்கும்போது அதன் வித்துகள் மூச்சோடு உள்ளே போகின்றன. 1 முதல் 3 வாரத்தில் காய்ச்சல் தொடங்கும். மண்வேலை செய்பவராக இருக்க வேண்டும் என்றில்லை, அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தாலே போதும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ், டூசான் பகுதிகளில் மருத்துவமனைக்கு வெளியே தொற்றும் நிமோனியாவில் 15 முதல் 30 சதவீதம் வரை இதனால் வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், பூஞ்சையைத் தொடாது. ஆகவே அங்கே இருப்பவருக்கு இரண்டு மருந்துக்கும் நிமோனியா மசியவில்லை என்பதே ஒரு தடயம். கணுக்காலுக்கு மேலே, முன்பக்கத்தில் தொட்டால் வலிக்கும் சிவந்த கட்டிகள் இருக்கின்றனவா, மூட்டு வலி உண்டா, ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளை அணு வகை கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ரத்தப் பரிசோதனை தேடுவது பூஞ்சையை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் ஆன்டிபாடியை. அது உருவாக நாள் பிடிக்கும், சிலருக்குப் பல வாரம் ஆகும். எனவே இரண்டு, மூன்று வாரம் கழித்துத் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவராக இருந்தால், நோய் இருந்தும் ஆன்டிபாடி வராமலே போகலாம். மருத்துவரிடம் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அப்புறம், எலைசா என்ற ரத்தப் பரிசோதனை முறையில் ஐஜிஎம் (தொற்றின் தொடக்கத்தில் உருவாகும் ஆன்டிபாடி வகை) மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால் அது சில சமயம் பொய்யாகவும் இருக்கும். இம்யூனோடிஃப்யூஷன் என்ற பரிசோதனையால் உறுதி செய்வது நல்லது. காம்ப்ளிமென்ட் ஃபிக்ஸேஷன் என்ற பரிசோதனை ஆன்டிபாடியின் அளவைச் சொல்லும். அது 1:16 (16 மடங்கு நீர்த்த பிறகும் ஆன்டிபாடி தெரிகிறது என்று பொருள்) அல்லது அதற்கு மேல் போனால் தொற்று நுரையீரலைத் தாண்டிவிட்டதா என்று பார்க்க வேண்டும். குறைந்துகொண்டே வந்தால் நல்ல அறிகுறி.

அப்போதும் தெளியவில்லை என்றால் சளியை, அல்லது பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) மூலம் நுரையீரலிலிருந்து எடுத்த திரவத்தைப் பரிசோதிப்பார்கள். நுண்ணோக்கியில் உள்ளே சிறு வித்துகள் நிரம்பிய உருண்டைகள் தெரிந்தாலோ, கல்ச்சரில் (மாதிரியை ஆய்வகத் தட்டில் வைத்து வளர்ப்பது) பூஞ்சை வளர்ந்தாலோ நோய் உறுதி. இந்தப் பூஞ்சையைத் தேடுகிறோம் என்று ஆய்வகத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது கட்டாயம். ஆளிடமிருந்து ஆளுக்கு இருமலில் பரவாத நோய்தான் இது, ஆனால் கல்ச்சர் தட்டில் வளர்ந்த பூஞ்சை வித்துகளைக் காற்றில் விடும்; அங்கே வேலை செய்பவர்களுக்கு அது உண்மையான ஆபத்து.

விடாத தலைவலி, வாந்தி, கழுத்து இறுக்கம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வுக்குப் பரவியிருக்கலாம், முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்க வேண்டிவரும். ஆறாத தோல் புண், ஒரே இடத்தில் குடையும் எலும்பு வலி இரண்டையும் உடனே சொல்ல வேண்டும்.

தம்பி விடுமுறைக்கு ஊருக்கு வருவதாக இருந்தால் ஒரு விஷயம். இருமல், இரவு வியர்வை, எடை குறைவு, எக்ஸ்ரேயில் குழி எல்லாம் சேர்ந்தால் நம் மருத்துவர்களுக்கு முதலில் டிபிதான் தோன்றும், அதில் தவறில்லை. டிபிக்கான சளிப் பரிசோதனையும் செய்யட்டும். ஆனால் அரிசோனாவில் எவ்வளவு காலம் இருந்தார் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரே, சிடி, ரத்த அறிக்கைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள்.