கண்டவர் யார், பிடித்தவர் யார்?

கேள்வி: எபோலா வைரஸைக் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தின் பீட்டர் பியாட் என்றுதான் என் மகனின் பொது அறிவுப் புத்தகத்தில் இருக்கிறது. போன இதழில் நீங்கள் அந்த இடத்தில் காங்கோவின் முயெம்பே பெயரைப் போட்டிருந்தீர்கள். அவர் ரத்தம் எடுத்து அனுப்பியவர்தானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: 'கண்டுபிடித்தவர்' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். தமிழில் அது இரண்டு வேலை. முதலில் காண வேண்டும், அப்புறம் பிடிக்க வேண்டும். பொது அறிவுப் புத்தகங்களோடு எனக்குப் பல வருடத் தகராறே இதில்தான். இடது பக்கம் பொருள், வலது பக்கம் ஒரே ஒரு பெயர், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு. கொசுவால் மலேரியா என்றால் ரொனால்ட் ராஸ், முடிந்தது. 1897இல் செகந்திராபாத்தில், ஒரு கொசுவுக்கு ஓரணா கூலிக்குத் தன் உடம்பைக் கடிக்கக் கொடுத்த நோயாளி உசேன் கானுக்கு அந்தக் கோட்டில் ஒரு புள்ளிகூடக் கிடையாது. ஒரு பள்ளியின் விநாடி வினாவில் நடுவராக உட்கார்ந்து இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறேன், இன்று கூப்பிட்டாலும் போடுவேன்.

சரி, எபோலா கதை நடந்த யாம்புக்கு என்ற ஊருக்கு வருவோம். 1976 செப்டம்பர். அன்றைய ஜயர், இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு. காட்டுக்கு நடுவே பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் நடத்திய மிஷன் ஆஸ்பத்திரி. காலையில் ஐந்து ஊசிகளை எடுத்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் அவற்றையே போட்டிருக்கிறார்கள். 318 பேருக்கு நோய், 280 பேர் சாவு என்று அது முடிந்ததற்கு அந்த ஊசிகள் பெரிய காரணம். என்ன நோய் என்று பார்த்து வரத் தலைநகர் கின்ஷாசாவிலிருந்து போனவர் ழான்-ஜாக் முயெம்பே. வயது 34. விவசாயி வீட்டுப் பிள்ளை, பெல்ஜியத்தின் லூவனில் வைரஸ் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுத் தன் நாட்டுக்கே திரும்பி வந்தவர்.

'ரத்தம் எடுத்து அனுப்பியவர்தானே' என்கிறீர்களே, அந்த ரத்தம் எடுத்த கதையைக் கேளுங்கள். டைஃபாய்டாக இருக்கும் என்ற நினைப்பில் கையுறை இல்லாமல் எடுத்தார். நமக்கெல்லாம் ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்துக் கொஞ்சம் அழுத்தினால் நின்றுவிடும் இல்லையா, அங்கே ஊசியை உருவியபிறகும் ரத்தம் வந்துகொண்டே இருந்தது. அவர் விரலெல்லாம் ரத்தம். அப்படி ஒன்றை அவர் அதற்குமுன் பார்த்ததே இல்லை. இறந்துபோன நர்சுகள் மூன்று பேரின் கல்லீரலிலிருந்தும் மாதிரி எடுத்தார். சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். அவருக்கு இருந்த பாதுகாப்பு அவ்வளவுதான். காய்ச்சலோடு இருந்த கன்னியாஸ்திரி ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்துத் தன்னுடனேயே கின்ஷாசாவுக்கு அழைத்து வந்தார். அந்தக் கன்னியாஸ்திரி அங்கே இறந்துபோனார். அவருடைய ரத்தம்தான் நீல நிறத் தெர்மாஸ் பிளாஸ்கில் ஐஸோடு பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போனது. அங்கே 27 வயது பியாட் இருந்த குழு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் புழுவைப்போல நீண்ட அந்த வைரஸைப் பார்த்தது.

அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது, பியாட்டும் அப்புறம் யாம்புக்குவுக்கே போனவர்தான். ஆனால் 1977இல் ஆண்ட்வெர்ப் குழு லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் முயெம்பே பெயர் இல்லை. நேரில் போய்க் கண்டவரும் அவர், வெறுங்கையில் பிடித்தவரும் அவர், பெயர் மட்டும் இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இதுதான். 1995இல் காங்கோவின் கிக்விட் நகரில் எபோலா. மருந்து கிடையாது. பிழைத்து எழுந்தவர்களின் ரத்தத்தில் இந்த வைரஸை அடக்கிய ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும் என்று அந்த ரத்தத்தை எடுத்து எட்டு நோயாளிகளுக்கு ஏற்றினார் முயெம்பே. ஏழு பேர் பிழைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லையே என்று வெளிநாட்டு நிபுணர்கள் ஏற்க மறுத்தார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டு விஷயத்தை மூடி வைத்ததை நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன். கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் ரத்தத்தைப் பதினோரு வருடம் கழித்து, 2006இல், அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து எடுத்தார்கள். அந்த உடம்பு எபோலாவை இன்னும் மறக்கவில்லை. அதிலிருந்து பிரித்த ஓர் ஆன்டிபாடிதான் (கிருமியை எதிர்க்க உடம்பே உண்டாக்கும் புரதம்) எம்ஏபி114 என்ற மருந்து.

2018 நவம்பரில், ஆயுதக் குழுக்களின் சண்டைக்கு நடுவே, கிழக்குக் காங்கோவில் பரிசோதனை தொடங்கியது. இந்த முறை முறையாக ஒப்பிட்டே பார்த்தார்கள். முன்பிருந்த ஸீமேப் மருந்து வாங்கியவர்களில் பாதிப் பேர் இறந்தார்கள், எம்ஏபி114 வாங்கியவர்களில் 35 சதவீதம் பேர். உடம்பில் வைரஸ் அளவு குறைவாக இருக்கும்போதே வந்து சேர்ந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் இறந்தார்.

கின்ஷாசாவில் 1998இல் அவர் தலைமை ஏற்ற தேசிய ஆய்வு நிறுவனத்தில், இந்தக் கிழக்குக் காங்கோ எபோலாவின் ரத்த மாதிரிகள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று முடிவு செய்தார். ஆராய வேண்டுமா, இங்கே வாருங்கள். பரிசோதனை முடிவு 2019இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் கட்டுரையாக வந்தபோது முதல் பெயர் சபூ முலாங்கு, முயெம்பே நிறுவனத்துக் காங்கோக்காரர். முயெம்பே பெயரும் இருக்கிறது.

உங்கள் மகனின் புத்தகத்தில் வலது பக்கம் கொஞ்சம் இடம் இருக்கும். பேனாவால் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்: ழான்-ஜாக் முயெம்பே.