லிங்கபர்வதத்துச் சுனை – கடிதம்

வணக்கம்.

போன மாதம் லாவோஸ் போயிருந்தேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் அங்கே மலைச்சரிவில் உள்ள பழைய சிவன் கோயிலான வாட் பூவையும் பயணத்தில் சேர்த்தேன். கரடுமுரடான படிகளில் மூச்சுவாங்க ஏறி, துவாரபாலகரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. உள்ளே எட்டிப் பார்த்தால் மஞ்சள் துணி போர்த்திய புத்தர்கள்! லிங்கம் இல்லை. சிவன் கோயிலைப் பறித்துக்கொண்டார்களே என்ற ஆற்றாமை இன்னும் போகவில்லை. உங்களுக்கு அப்படித் தோன்றவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

தோன்றியது. பிறகு கருவறைக்குப் பின்னால் போனேன். நீங்கள் போனீர்களா என்று கடிதத்தில் இல்லை.

அங்கே பாறையடியில் ஒரு சுனை கசிகிறது. பூ காவ் மலையின் உச்சி இயற்கையிலேயே லிங்கம்போல நிற்பதால் அந்த மலைக்கே லிங்கபர்வதம் என்று பெயர்; இறைவன் பத்ரேஸ்வரர். சுனைநீரைக் கல் ஓடை வழியாகக் கருவறைக்குள் விட்டு, லிங்கத்தின்மேல் ஓயாமல் விழும்படி செய்திருந்தார்கள். குடமெடுத்து ஊற்ற ஆள் வேண்டாம், மலையே அபிஷேகம் செய்தது. இன்று நிற்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. வழிபாடு அதைவிடப் பழையது.

நான் போனபோது கரை வைத்த பாவாடை உடுத்திய ஒரு பாட்டி சுனையில் பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொட்டுச் சொட்டாகத்தான் விழுந்தது. அவருக்கு அவசரமே இல்லை. நிறைந்ததும் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி உச்சந்தலையில் தெளித்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு என் தலையிலும் தெளித்தார். பிறகு முன்பக்கம் போய், சாமந்தி செருகிய வாழையிலைக் கூம்பைப் புத்தர் முன்னால் வைத்து விழுந்து கும்பிட்டார். என் ஆற்றாமை அங்கே கரைந்துவிட்டது.

‘பறித்தார்கள்’ என்பதும் சரியில்லை. கோயிலைக் கட்டிய கெமர் மக்களே 13ஆம் நூற்றாண்டு வாக்கில் தேரவாத பௌத்தத்துக்கு மாறத் தொடங்கினார்கள். பின்னால் வந்த லாவோ மக்கள் அதைத் தொடர்ந்தார்கள். பின்புறப் பாறையில் மும்மூர்த்திகள் அப்படியே இருக்கிறார்கள். வாசல் உத்திரத்தில் இந்திரன் மூன்று தலை ஐராவதத்தின்மேல் அமர்ந்திருக்கிறான். கெமர் தலைநகராக இருந்த அங்கோரிலோ தலைகீழாகவும் நடந்திருக்கிறது: பௌத்த மன்னன் ஏழாம் ஜெயவர்மன் காலத்துப் புத்தர் உருவங்களைப் பிற்பாடு கொத்தி எடுத்திருக்கிறார்கள், சிலவற்றை லிங்கமாகவே செதுக்கிவிட்டார்கள். அதைப் பார்த்து நமக்குக் கண் கலங்குவதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படியோரம் பூத்திருந்ததை செண்பகம் என்று நினைத்திருப்பீர்கள், அங்கே ‘சம்பா’ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது நம்மூர் ஈழத்தலரி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, லாவோஸின் தேசிய மலராகவே ஆகிவிட்டது.

இன்னொரு முறை போவதானால் அவர்களுடைய மூன்றாம் மாதப் பௌர்ணமிக்குப் போங்கள். பெரும்பாலும் பிப்ரவரியில், நம் மாசி மகத்தை ஒட்டி வரும். அன்றுதான் அங்கே திருவிழா. காலி பாட்டில் ஒன்று கொண்டுபோங்கள்.