சோலார் ஷீட் போட்ட டெலஸ்கோப்பில் கலர் ஃபில்டரும் சேர்த்தால் சூரியப் புள்ளிகள் இன்னும் தெளிவாகத் தெரியுமா?

தெரியும். பச்சை போட்டுப் பாருங்கள். ஆனால் முன்வாயில், பெரிய லென்ஸுக்கு முன்னால், சோலார் ஷீட், அதாவது வெயிலை அடைக்கிற மெல்லிய தாள், கட்டாயம் இருக்க வேண்டும். கலர் ஃபில்டர் அதோடு சேர்த்துப் போடுவது, அதற்குப் பதிலாகப் போடுவது இல்லை.

நீங்கள் ஆன்லைனில் 70 மில்லிமீட்டர் டெலஸ்கோப் வாங்கியிருப்பீர்கள், கூடவே ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கிற பக்கத்து லென்ஸில், திருகுகிற கலர் கண்ணாடிகளும் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பெட்டியில் 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி இருந்தால் இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள். லென்ஸ் குவிக்கிற மொத்த வெயிலும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் இறங்கும், சூடேறி எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடும். சிவப்பையும் பச்சையையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் இருட்டாகத்தானே இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத்தான் அவை அடைக்கும், அகச்சிவப்பு தாராளமாக உள்ளே வரும். விழித்திரைக்கு வலி தெரியாது, வெந்துபோனாலும் உடனே தெரியாது. முன்வாயில் போடும் 5 அடர்த்தி ஷீட், லட்சத்தில் ஒரு பங்கு ஒளியைத்தான் விடும். 3.8 என்று போட்டிருப்பது கேமராவுக்கு, கண்ணுக்கு ஆகாது.

சரி, பச்சை ஏன்? நம்மிடம் இருக்கிற சாதாரண லென்ஸ் டெலஸ்கோப் எல்லா நிறத்தையும் ஒரே இடத்தில் குவிக்காது. பச்சையை ஒட்டித்தான் கூர்மை நன்றாக இருக்கும், மற்ற நிறங்கள் லேசாகக் கலங்கும். அந்தக் கலங்கலை வெட்டிவிட்டால் படம் இறுகும். நீலத்துக்குப் போகப் போகப் புள்ளிக்கும் சுற்றுப்புறத்துக்கும் வித்தியாசம் கூடும், ஆனால் காற்றின் நடுக்கமும் கூடவே கூடும். பச்சை நடுவில் நிற்கிறது. நம் கண்ணுக்கும் அந்த நிறம்தான் ரொம்ப இசைவு.

இதைப் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. எங்கள் வீடு ஒத்தக்கடைப் பக்கம். 2024 மே மாதம் 3664 என்று எண் கொடுத்த பெரிய புள்ளிக்கூட்டம் வந்ததே, பூமியைப் போல் 15 மடங்கு அகலம், கிரகணக் கண்ணாடியிலேயே தெரிந்தது, அப்போது என் மகள் எட்டாம் வகுப்பு முடித்து லீவில் இருந்தாள். தினமும் காலையில் மொட்டை மாடியில் டெலஸ்கோப்பை வைத்துக் கொடுப்பேன், அவள் பார்த்துப் பார்த்து வரைவாள். வெறும் ஷீட்டில் அது கறுப்பும் சாம்பலுமாக ஒரு திட்டு, அவ்வளவுதான். 56 எண் வெளிர்பச்சை ஃபில்டரைத் திருகியதும், "அப்பா, ஓரத்துல முடி முடியா இருக்குப்பா" என்றாள். நானும் குனிந்து பார்த்தேன். கருநிழல் என்கிற நடுக் கறுப்பைச் சுற்றிய சாம்பல் நிறப் புறநிழலில், உள்ளிருந்து வெளியே ஓடுகிற மெல்லிய கோடுகள். காற்று அடங்கிய நொடிகளில் மட்டும் தெரியும், உடனே கலைந்துவிடும். அந்தப் புறநிழலில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது நம்ம கொடைக்கானலில்தான். அதை அவளுக்குச் சொன்னபோது பென்சிலைக் கீழே வைத்துவிட்டு மேற்கே திரும்பிப் பார்த்தாள்.

ஒன்பது மணிக்கு மேல் எந்த ஃபில்டரும் உதவாது. கான்கிரீட் சூடேறிவிடும், சூரியனின் விளிம்பு கொதிக்கிற மாதிரி ஆடும். மாலையில் வெயில் யானைமலைப் பாறைக்கு மேல் சாயும்போது இன்னும் மோசம். முடிந்தால் மண்தரையில் வையுங்கள், கண்மாய்க்கரை என்றால் ரொம்ப நல்லது. உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியதும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

அப்புறம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். அந்த வரைபடங்களை அவள் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோனாள். தேதி, நேரம் எல்லாம் போட்டு, புள்ளி விளிம்பை நோக்கி நகர்வது வரிசையாகத் தெரிகிற மாதிரி ஒட்டியிருந்தாள். கண்ணில் பட்டபடியே பச்சைப் பென்சிலால் தீட்டியிருந்தாள். மதிப்பெண் போட வந்தவர், "சூரியன் ஏம்மா பச்சையா இருக்கு?" என்று கேட்டார். அவள் ஃபில்டரை எடுத்துக் காட்டுவதற்குள், "மாடல் எங்க?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். அங்கே கடையில் வாங்கின தெர்மோகோல் எரிமலை, அதற்குத்தான் பரிசு. பரிசு வராததைச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்து வரைந்ததை நின்று கேட்க இரண்டு நிமிஷம் இல்லையா? பார்க்கச் சொல்லிக் கொடுக்காமல் வேறு எந்த அறிவியலைச் சொல்லிக் கொடுக்கப்போகிறோம்?

'ஹெச்-ஆல்ஃபா வாங்காமல் கலர் கண்ணாடியைப் பற்றி எதற்குப் பேச்சு' என்று சிலர் கமெண்டில் வருவார்கள். ஹெச்-ஆல்ஃபா வேறு விஷயம். 656.28 நானோமீட்டரில் மயிரிழை அகலத்துக்கு மட்டும் ஒளியை விடுகிற கருவி அது, விலையும் அதற்கேற்ற மாதிரி. சாதாரண சிவப்புக் கண்ணாடி அந்த வேலையைச் செய்யாது, செய்யும் என்று நானும் சொல்லவில்லை. இருக்கிற சின்ன டெலஸ்கோப்பில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பார்க்க வழி சொல்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் ஷீட் சூரியனை ஆரஞ்சாகக் காட்டுகிற வகை என்றால் பச்சை வாங்காதீர்கள். அந்த ஷீட்டே பச்சையைப் பெரும்பாலும் தின்றுவிடும், படம் மங்கிப்போகும். வெள்ளையாகக் காட்டுகிற வகை என்றால் 56 போதும். 58 அடர்பச்சை, 70 மில்லிமீட்டருக்கு இருட்டாக இருக்கும். விளிம்புப் பக்கம் வெளிர்த் திட்டுகளைத் தேடுகிறீர்கள் என்றால் நீலம் 80ஏ போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஷீட்டை விளக்குக்கு நேரே பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், குறி பார்க்கிற சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரை மூடிவையுங்கள். ஆடிக் காற்றில் ஷீட்டை டேப் போட்டு ஒட்டாமல் பிள்ளைகளை ஐபீஸ் பக்கம் விடாதீர்கள்.