அபியோலாவின் செல்வத்துக்கு முன்னால் ஒரு கணக்குப் படிப்பு

அன்புள்ள அம்மா,

நைஜீரியக் கோடீசுவரர் எம்.கே.ஓ. அபியோலாவைப் போலத் தொழில் நடத்திக் கால்பந்து அணி வளர்க்கப் போவதாகவும், அதற்குக் கல்லூரி தேவையில்லை என்றும் உங்கள் மகன் பிடிவாதம் பிடிப்பதாக எழுதியிருந்தீர்கள். தம்பியின் ஆசையைத் தடுக்காதீர்கள். அபியோலாவின் வாழ்க்கையை முதலிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

1937-இல் நைஜீரியாவின் அபியோகுட்டா நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்த அபியோலா, ஒன்பது வயதில் விடியுமுன் காட்டுக்குப் போய் விறகு சேகரித்து, விற்ற பிறகே பள்ளிக்குப் போனவர். பதினைந்து வயதில் இசைக்குழு ஒன்றை அமைத்து, விசேஷ வீடுகளில் சாப்பாட்டுக்காக வாசித்தார். வியாபாரத் துணிச்சல் இத்தனை இளமையிலேயே இருந்தும் அவர் படிப்பைக் கைவிடவில்லை என்பதைத்தான் தம்பி கவனிக்க வேண்டும். வங்கியில் எழுத்தராக இருந்து, உதவித்தொகை பெற்றுக் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பயின்று, லாகோஸ் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் ஃபைசர் மருந்து நிறுவனத்திலும் கணக்குப் பார்த்த பிறகே ஐ.டி.டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தில் சேர்ந்தார். நைஜீரிய இராணுவம் அந்நிறுவனத்துக்குத் தர வேண்டியிருந்த பெரும் பாக்கியை வசூலித்ததுதான் அவருடைய ஏற்றத்துக்கு வழி திறந்தது. இராணுவ அரசின் ஒப்பந்தங்களால் சேர்ந்த அந்தச் செல்வம் கடும் கண்டனத்துக்கும் ஆளானது. அதையும் தம்பியிடம் மறைக்காதீர்கள்.

நாளிதழ், விமான நிறுவனம், பண்ணை என்று தொழில்கள் பெருகிய 1980-களில்தான் அவருடைய 'அபியோலா பேப்ஸ்' கால்பந்து அணி 1985, 1987 ஆகிய ஆண்டுகளில் நைஜீரியக் கோப்பையை வென்றது. ஆப்பிரிக்க விளையாட்டின் தூண் என்று அவர் போற்றப்பட்டார். 1993 அதிபர் தேர்தலில் முன்னிலை பெற்றும் அந்தத் தேர்தல் இரத்து செய்யப்பட, சிறைப்பட்டு 1998-இல் காவலிலேயே இறந்தார். தலைநகர் அபுஜாவின் தேசிய விளையாட்டரங்கம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆகவே, தம்பியை வணிகவியலில் சேருங்கள். மனம் ஒப்பினால் பட்டயக் கணக்காளர் அடிப்படைத் தேர்வையும் எழுதட்டும். ஊரிலுள்ள கால்பந்துக் கழகத்தில் ஒரு பருவம் வரவு செலவுக் கணக்கு எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சீருடை, பந்து, பயணச் செலவு, நடுவர் கட்டணம் ஆகியவற்றுக்கு எங்கிருந்து பணம் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதைத் தன் கையால் எழுதிப் பார்த்த பிறகு, அந்தக் கணக்கேட்டுடன் இருவரும் என்னை வந்து சந்தியுங்கள். விளையாட்டு மேலாண்மைப் படிப்பைப் பற்றி அப்போது பேசலாம்.