கூத்துக் கசெற்றிலிருந்து ஃபிளாக் வரை: இழப்பற்ற ஒலிக்கோப்பு மாற்றம் பற்றிய கேள்வி பதில்

கூத்து, ஒப்பாரி, அரிவிவெட்டுப் பாட்டு முதலியவை பதியப்பட்ட கசெற்றுகளைக் கணினியில் ஏற்றிவரும் வன்னி அன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒன்றாக்கியுள்ளேன். வேவ் என்பது பொதுவாகச் சுருக்காத ஒலிக்கோப்பு; ஃபிளாக் என்பது ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கிவைக்கும் கோப்பு வடிவம்.

கிளிநொச்சி அன்பர்: ஐயா, வேவ் கோப்புகளால் வன்தட்டு நிறைந்துவிட்டது. ஃபிளாக்குக்கு மாற்றினால் தரம் குறையுமா? மாற்றியபின் வேவை அழிக்கலாமா?

தரம் குறையாது. கணினி ஒலியை மாதிரிகளாக, அதாவது கணத்துக்குக் கணம் அளந்த எண்களாக, வைத்திருக்கிறது. ஃபிளாக் ஒவ்வொரு ஒலி மாதிரியின் அளவையும் அதற்கு முந்திய மாதிரிகளைக் கொண்டு கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சுருக்கமாக எழுதிவைக்கிறது. திறக்கும்போது அந்த வித்தியாசத்தைத் திரும்பக் கூட்டுவதால் பழைய எண்கள் ஒன்றும் பிசகாமல் மீள்கின்றன. இறுவட்டுத் தரத்தில், அதாவது 44.1 கிலோஹேர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்ற அளவில், 60 நிமிடக் கசெற் ஒன்றின் வேவ் கோப்பு ஏறக்குறைய 635 மெகாபைட் வரும். ஃபிளாக்கில் அது பெரும்பாலும் அதன் பாதிக்கும் முக்கால் பங்குக்கும் இடையில் அடங்கும். பழைய நாடாவின் இரைச்சலைக் கணிக்க முடியாதாகையால், கசெற் பதிவுகள் அதிகம் சுருங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

அழிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஃபிளாக் கோப்பின் தலைப்பகுதியில் மூல ஒலியின் எம்டி5 கைரேகை, அதாவது ஒலியின் எண்களிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்புக் குறி, பதியப்பட்டிருக்கும். ஃபிளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளை கோப்பு முழுவதையும் விரித்து, அந்தக் கைரேகையுடன் ஒப்பிட்டுப் பார்க்கும். அது சரியென்று சொன்னால், இன்னொரு வன்தட்டில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு வேவை அழிக்கலாம். பிரதி எடுக்காமல் அழிப்பதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

முள்ளியவளை அன்பர்: விடிய விடிய நடந்த கூத்தை 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தோம். துண்டு துண்டாக வந்த கோப்புகளை ஒரே வேவாக இணைத்தால், நான்கு மணித்தியாலத்துக்குப் பிறகு ஒலி வருவதில்லை. ஏன்?

வேவ் கோப்பு தன் அளவைக் குறித்துவைக்கும் இடம் 32 பிட் மட்டுமே. ஆகையால் 4 ஜிகாபைட்டுக்கு மேல் அதற்குக் கணக்கு வைக்கத் தெரியாது. நீங்கள் சொல்லும் தரத்தில், ஸ்டீரியோவாக, ஒரு செக்கனுக்கு 288,000 பைட் செலவாகிறது என்பதால், ஏறத்தாழ 4 மணி 8 நிமிடத்தில் எல்லை வந்துவிடும். ஒலி உள்ளே இருந்தாலும் இயக்கும் மென்பொருள் அதைத் தேடுவதில்லை. ஃபிளாக்குக்கு இந்தத் தடை கிடையாது. துண்டுகளை இணைக்கும்போதே ஃபிளாக்காக வெளியிட்டால் கூத்து முழுவதும் ஒரே கோப்பில் நிற்கும். ஆனால் அதைப் பென் டிரைவில் இடும்போது, அந்த டிரைவ் ஃபாட்32 என்ற பழைய கோப்பு அடுக்கும் முறையில் அமைந்திருந்தால் அங்கேயும் 4 ஜிகாபைட் எல்லை உண்டு. எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மாங்குளம் அன்பர்: என்னிடம் எம்பி3 மட்டுமே உள்ளது. அதை ஃபிளாக்காக மாற்றினால் தரம் உயருமா?

உயராது. எம்பி3 சுருக்கும்போதே ஒலியின் ஒரு பகுதியை எறிந்துவிடுகிறது. குற்றிய அரிசியை நெல்லுச் சாக்கில் கொட்டினால் அது மறுபடி நெல்லாகாது. கோப்பு பெருக்கும், அவ்வளவுதான். எம்பி3யை எம்பி3யாகவே வைத்திருங்கள்.

புதுக்குடியிருப்பு அன்பர்: ஃபிளாக்கை எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருள் கொண்டு வேவ் ஆக்கினேன். கோப்பு எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக வந்தது. இழப்பற்ற மாற்றம் என்றால் இப்படி வரலாமா?

வரக்கூடாது. உங்கள் மூலம் 24 பிட்டாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கிடம் வேறொன்றும் சொல்லாமல் வேவ் கேட்டால் அது 16 பிட் வேவையே எழுதும். கீழேயுள்ள 8 பிட்டும் சத்தமில்லாமல் போய்விடும். 24 பிட் பிசிஎம் (சுருக்காத ஒலி எண்கள்) வேண்டுமென்று கட்டளையில் வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும். இழப்பற்ற இரு வடிவங்களுக்கு இடையே மாற்றும்போது இழப்பு நேர்வது பெரும்பாலும் இவ்வாறுதான்: குறை வடிவத்தில் இல்லை, பிட் ஆழமோ (ஒரு மாதிரிக்கு எத்தனை பிட்) மாதிரி வீதமோ (செக்கனுக்கு எத்தனை மாதிரி) நாம் அறியாமல் மாறுவதில் உள்ளது.

ஓடாசிற்றி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அது உள்ளே 32 பிட் மிதவை எண்களில், அதாவது தசமம் உள்ள எண்களில், வேலை செய்கிறது. ஃபிளாக்கோ முழு எண்களை மட்டுமே ஏற்கும். அத்துடன் 16 பிட்டாக வெளியிடும்போது டிதர் என்ற நுண்ணிய இரைச்சலைச் சேர்க்கும் ஏற்பாடும் ஓடாசிற்றியில் உண்டு. காதுக்கு அது தெரியாது. ஆனால் எண்கள் மூலத்துடன் ஒத்துவரமாட்டா. வெட்டி ஒட்டும் வேலைக்கு ஓடாசிற்றி நல்லது. வடிவம் மாற்ற மட்டும் அதைத் திறக்காதீர்கள்.

வவுனியா அன்பர்: கனடாவிலுள்ள என் தங்கை ஐபோனும் மக் கணினியும் வைத்திருக்கிறாள். அவளுடைய பாடல் மென்பொருள் ஃபிளாக்கை ஏற்கவில்லை.

அப்பிளின் பாடல் நூலகம் ஃபிளாக்கைச் சேர்த்துக்கொள்வதில்லை. அவருக்காக ஏஎல்ஏசி வடிவத்துக்கு மாற்றி அனுப்புங்கள். இது அப்பிள் 2004இல் கொண்டுவந்து 2011இல் திறந்த மூலமாக்கிய இழப்பற்ற வடிவம். ஃபிளாக்கிலிருந்து இதற்கும், இதிலிருந்து ஃபிளாக்குக்கும் இழப்பின்றிப் போய்வரலாம். கவனிக்க வேண்டியது கோப்பின் பெயர்நீட்டம்: இழப்புள்ள ஏஏசியும் இழப்பற்ற ஏஎல்ஏசியும் எம்4ஏ என்றே முடியும். கோப்பின் விவரங்களைத் திறந்து உள்ளிருப்பது எதுவென்று பார்த்தபின் அனுப்புங்கள்.

உங்கள் சேமிப்புக்கு ஃபிளாக்கே போதும். 2001இல் வெளியாகி, 2024இல் ஆர்எஃப்சி 9639 என்ற இணையத் தர ஆவணமாகவும் ஆகிவிட்டது. அன்ட்ரொயிட், விண்டோஸ் இரண்டும் அதை இயக்கும்.

ஒட்டுசுட்டான் அன்பர்: மின்சாரம் இல்லாத காலத்தில் பற்றரியில் ஓடிய ரேப்பில் பதிந்த அப்பாவின் ஒப்பாரி, இப்போது கீச்சுக் குரலாகக் கேட்கிறது. வேகத்தைச் சரிசெய்து ஃபிளாக் ஆக்கலாமா?

பற்றரி தளரும்போது பதிவுக்கருவி மெதுவாக ஓடியிருக்கும். சரியான வேகத்தில் இயக்குகையில் குரல் உயர்ந்து கேட்கிறது. வேகத்தைத் திருத்தும்போது மென்பொருள் எல்லா மாதிரிகளையும் புதிதாகக் கணக்கிட வேண்டியிருப்பதால், அது இழப்பற்ற வேலை அன்று. அத்தோடு பற்றரி ஒரே சீராகத் தளர்வதில்லை: தொடக்கத்தில் சரியாக இருக்கும் குரல் பக்கத்தின் முடிவில் கூடுதலாக உயர்ந்திருக்கும். ஒரே அளவில் திருத்தினால் ஒரு முனை சரியாகி மறுமுனை கெடும். ஆகவே கீச்சுக் குரலோடு உள்ளதை உள்ளபடியே ஒரு ஃபிளாக்காக வையுங்கள். திருத்தியதை வேறு பெயரில் இன்னொரு ஃபிளாக்காக வையுங்கள். பிற்காலத்தில் இதைவிட நன்றாகத் திருத்தக்கூடியவர் வந்தால் அவருக்கு முதலாவதுதான் தேவைப்படும்.

முல்லைத்தீவு அன்பர்: வேவ் கோப்பில் தமிழில் எழுதிய பாடகர் பெயர், ஊர்ப்பெயர் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடுகின்றன.

வேவில் குறிப்புகளை எழுதும் பழைய முறை எந்த எழுத்துக்குறியீடு என்று சொல்வதில்லை. ஒரு மென்பொருள் எழுதியதை மற்றொன்று தவறாக வாசிக்கும். ஃபிளாக்கின் குறிப்புகள் தமிழ் உட்படப் பல மொழி எழுத்துகளையும் குறிக்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் மட்டுமே எழுதப்படுவதால் தமிழ் கெடாது. மாற்றியபின் குறிப்புகளை ஃபிளாக்கிலேயே எழுதுங்கள். குறிப்பைத் திருத்தினாலும் மேலே சொன்ன ஒலிக் கைரேகை மாறாது.

மல்லாவி அன்பர்: சுருக்க நிலை 8 வைத்தால் ஒலி கெடுமா?

கெடாது. 0 முதல் 8 வரை எதை வைத்தாலும் விரிந்து வரும் ஒலி ஒன்றே. நேரமும் கோப்பின் அளவும்தான் மாறும். இயல்பாக அமைந்துள்ள 5 போதும். 8இல் கிடைக்கும் மிச்சம் சொற்பமே.