கடைசிப் பத்தியைப் பாருங்கள்: ஆங்கிலச் சிறுகதை வளர்ச்சி பற்றிய கேள்வி பதில்

(கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

முதுகலை மாணவி: ஐயா, ஆங்கிலச் சிறுகதையின் தந்தை வாஷிங்டன் இர்விங் என்கிறது ஒரு நூல், எட்கர் ஆலன் போ என்கிறது இன்னொன்று. தேர்வில் யாரை எழுதுவது?

இருவரையும் எழுதுங்கள் அம்மா, காரணத்தை மட்டும் பிரித்து எழுதுங்கள். இருபது ஆண்டுகள் தூங்கி எழுந்த ரிப் வான் விங்கிள், இர்விங் 1819-20இல் வெளியிட்ட ‘ஸ்கெட்ச் புக்’ தொகுப்பில் வருகிறான். அங்கே கதை சொல்பவருக்கு அவசரமே கிடையாது. மலையை ரசிக்கிறார், ஊர்வம்பை ரசிக்கிறார், அப்புறம்தான் கதைக்கு வருகிறார். அமெரிக்க எழுத்தாளர் ஹாதார்னின் கதைத் தொகுப்புக்கு 1842இல் மதிப்புரை எழுதிய எட்கர் ஆலன் போதான், கதையை ஒரே அமர்வில் படித்து முடிக்க வேண்டும், முதல் வாக்கியத்திலிருந்தே எல்லாம் ஒரே விளைவை நோக்கி நகர வேண்டும் என்று இலக்கணம் வகுத்தார். பிள்ளையைப் பெற்றவர் இர்விங், ஜாதகம் கணித்தவர் போ.

கல்லூரி விரிவுரையாளர்: இங்கிலாந்தில் நாவல் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அமெரிக்காவில் மட்டும் சிறுகதை முந்தியது ஏன்?

அமெரிக்க மனத்தின் துடிப்பு என்றெல்லாம் எழுதுவார்கள். நான் முதலில் கல்லாப்பெட்டியைப் பார்ப்பேன். 1891 வரை அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு எழுத்தாளருக்குப் பதிப்புரிமை தரவில்லை. இங்கிலாந்து நாவலாசிரியர் டிக்கன்ஸின் நாவலைக் காசு கொடுக்காமலே அச்சடிக்கலாம் என்றால், உள்ளூர் எழுத்தாளரின் நாவலுக்கு எந்தப் பதிப்பாளர் பணம் போடுவார்? பத்திரிகைகள் கொஞ்சமாவது கொடுத்தன. எழுத்தாளரும் பத்திரிகை கொள்ளும் அளவுக்கு எழுதினார்.

இங்கிலாந்தில் கதை வேறு. ஒரு நாவலை மூன்று பாகமாக அச்சிட்டால், வாடகை நூலகம் அதை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம். அந்த ஏற்பாடு 1894இல் சரிந்தது. அதற்குள் ‘ஸ்ட்ராண்ட்’ மாத இதழ் வந்துவிட்டது. 1891 ஜூலையில் ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதைகள் அதில் தொடங்கின. தொடர்கதையில் ஓர் இதழைத் தவறவிட்ட வாசகர் அதோடு போய்விடுவார். கதாநாயகன் அதே ஆள், ஆனால் மாதந்தோறும் முழுக்கதை என்பது ஹோம்ஸைப் படைத்த கானன் டாயிலின் யோசனை.

வங்கி ஊழியர்: ஓ. ஹென்றி என்றாலே பேராசிரியர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எனக்கு மிகவும் பிடிக்கும். என் ரசனையில் கோளாறா?

எனக்கும் பிடிக்கும், கவலைப்படாதீர்கள். நியூயார்க் நாளிதழ் ஒன்றின் ஞாயிறு பதிப்புக்கு வாரம் ஒரு கதை கொடுத்தவர் அவர். அந்த வேகத்தில் எழுதுபவருக்குக் கடைசி வரித் திருப்பம் கைகண்ட மருந்து. ஆனால் மர்மம் தெரிந்த பிறகு மறுபடி படிக்க என்ன மிஞ்சும்? 1905இல் வந்த ‘தி கிஃப்ட் ஆஃப் தி மேஜை’ என்ற கிறிஸ்துமஸ் பரிசுக் கதையில் மிஞ்சுகிறது. கணவனுக்குப் பரிசு வாங்க நினைக்கும் தெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட் சில்லறைக் காசு. மளிகைக்காரரிடமும் காய்கறிக்காரரிடமும் கன்னம் சிவக்கப் பேரம் பேசி மிச்சம் பிடித்தது. திருப்பத்தை மறந்தாலும் அந்தச் சில்லறை எனக்கு மறப்பதில்லை.

இல்லத்தரசி: காதரின் மான்ஸ்ஃபீல்ட் கதையைப் படித்தேன். முடிவே இல்லை. அச்சில் பக்கம் விட்டுப்போயிற்றோ என்று பார்த்தேன்.

பக்கம் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் படித்தது அவருடைய 1922 தொகுப்பின் தலைப்புக் கதையான ‘தி கார்டன் பார்ட்டி’ என்று வைத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் விருந்து. அன்றே பக்கத்துக் குடிசைப் பகுதியில் ஒரு வண்டிக்காரர் விபத்தில் இறந்துவிடுகிறார். விருந்தில் மிஞ்சியதைக் கூடையில் வைத்து மகள் லாராவிடம் கொடுத்தனுப்புகிறாள் தாய். விருந்துக்குப் போட்ட பெரிய தொப்பியோடு சாவு வீட்டில் நிற்கும் அந்தப் பெண், இறந்தவரைப் பார்த்து, என் தொப்பியை மன்னித்துவிடுங்கள் என்கிறாள். வெளியே வந்து சகோதரனிடம் ‘வாழ்க்கை என்பது…’ என்று தொடங்குகிறாள், சொல்ல முடியவில்லை. ஓ. ஹென்றியாக இருந்தால் அந்த வாக்கியத்தை முடித்திருப்பார்.

இதன் பின்னால் ரஷ்ய எழுத்தாளர் செகாவ் நிற்கிறார். கான்ஸ்டன்ஸ் கார்னெட்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அவருடைய கதைகள் 1916 முதல் 1922 வரை 13 தொகுதிகளாக வந்தன. நிகழ்ச்சி முடிவதும் கதை முடிவதும் ஒன்றல்ல என்பதை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் அவரிடம் கற்றார்கள். என்னைக் கேட்டால், இந்த வடிவத்தின் வரலாறே முடிவுகளின் வரலாறுதான்.

பள்ளி ஆசிரியர்: ஹெமிங்வேயின் பனிப்பாறை உவமையை எப்படி விளக்குவது?

உவமையை விடுங்கள், 1927இல் வந்த ‘ஹில்ஸ் லைக் ஒயிட் எலிஃபன்ட்ஸ்’ என்ற ரயில் நிலையக் கதையைப் படித்துக் காட்டுங்கள். ஸ்பெயினில் ஓர் ஆணும் பெண்ணும் பீர் குடித்தபடி ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். பேச்சு முழுக்கக் கருக்கலைப்பைப் பற்றியது. அந்தச் சொல் ஒருமுறைகூட வராது. பனிப்பாறையில் எட்டில் ஒரு பங்குதான் தண்ணீருக்கு மேலே தெரியும் என்று அவர் எழுதியது 1932இல்.

ஆய்வு மாணவர்: ‘ஆங்கிலச் சிறுகதையின் வளர்ச்சி’ என்று ஆய்வேட்டுத் தலைப்பு வைத்திருக்கிறேன். ஆறு மாதம்தான் இருக்கிறது.

தம்பி, அறுபது வருடம் இருந்தாலும் அந்தத் தலைப்பு முடியாது. ஒரே கதையின் இரண்டு வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ரேமண்ட் கார்வரின் 1981 தொகுப்பில் சில கதைகளைப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் பாதிக்கு மேல் வெட்டினார். வெட்டுப்படாத வடிவம் 2009இல் நூலாக வந்தது. அல்லது அயர்லாந்து எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸிடம் போங்கள். ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் முதல் கதை 1904இல் விவசாயிகளுக்கான அயர்லாந்து வார இதழ் ஒன்றில் வந்தது. அதில் சிறுவன் மூன்று இரவு தொடர்ந்து ஒரு தெருவுக்கு வந்ததைச் சொல்லித் தொடங்குகிறான். 1914 நூலில் முதல் வரியே நோயுற்ற பாதிரியார் இனிப் பிழைக்க வழியில்லை என்கிறது. அதே பத்தியில் ‘பக்கவாதம்’ என்ற சொல்லைச் சிறுவன் தனக்குள் முணுமுணுக்கிறான். பழைய வடிவத்தில் அந்த முணுமுணுப்பு இல்லை. இரண்டு தொடக்கங்களையும் கையால் படியெடுத்து அருகருகே வைத்துக்கொண்டு, பிறகு வழிகாட்டியைப் போய்ப் பாருங்கள்.