வாங்க முதல்: முதலாவதாக வந்தால் நல்ல கடையா?

இது சாமான் வாங்குவது பற்றிய பகுதிதான். ஆனால் இப்போது வன்னியில் பம்புக்கு வோஷர் வாங்குகிறவரும் கடைக்குப் போக முதல் போனில் தேடிப் பார்க்கிறார். அதனால் இந்த முறை கடிதங்கள் எல்லாம் கூகிள் பக்கம் சாய்ந்துவிட்டன. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: நீர் இறைக்கும் மெசினுக்குக் கார்புரேட்டர் தேடினேன். கூகிளில் முதலாவதாக வந்த இணையத்தளத்தில் சொன்ன கணக்குக்கு 14,500 ரூபா போட்டேன். பார்சல் வரவில்லை. இப்போது போனும் எடுக்கிறார்கள் இல்லை. மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. (முழங்காவில்)

பதில்: முதலில் மனைவிக்குச் சொல்லுங்கள் அண்ணை. களவு எடுத்தது நீங்கள் இல்லை.

நீங்கள் பார்த்த முதல் வரி பெரும்பாலும் விளம்பரம். அதற்கு மேலே 'ஸ்பான்சர்ட்' என்று ஒரு சின்னச் சொல் இருந்திருக்கும். அந்த இடம் காசு கொடுத்து வாங்கியது. கூகிள் தன் கணக்கின்படி வரிசைப்படுத்தும் முடிவுகள் அதற்குக் கீழேதான் தொடங்கும். இரண்டும் ஒரே நிறம், ஒரே எழுத்து. உச்சி வெயிலில் வயலில் நின்று போனைப் பார்க்கிற மனிதருக்கு அந்தச் சொல் கண்ணில் படாது. அது தெரிந்துதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

இன்றைக்கே வங்கிக்குப் போய், பணம் போன கணக்கு இலக்கத்தைக் கொடுத்து முறைப்பாடு எழுதுங்கள். அந்தத் தளத்தின் படங்களையும் வட்ஸ்அப்பில் கதைத்ததையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போங்கள். கடை உண்மையிலேயே இருந்து, சாமான் தராமல் ஏமாற்றுகிறது என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. தொலைபேசி 1977. ஆனால் போனில் சொன்னதோடு விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதுகிறவர்களில் பலர் இந்த மூன்று மாதத்தைத் தவற விட்ட பிறகுதான் எழுதுகிறார்கள். நீங்கள் அந்தப் பிழையை விடவில்லை.

கேள்வி: எது சிறந்த தேடுபொறி? ஒரு வரியில் சொல்லவும். (வவுனியா)

பதில்: என்ன தேடுகிறீர்கள் என்று நீங்கள் ஒரு வரியில் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பேன்.

கேள்வி: அப்பாவின் பழைய ஜப்பான் டீசல் எஞ்சினுக்கு ஒரு பாகத்தின் படமும் அளவும் தேவை. கூகிளில் தேடினால் விற்கிற கடைகளே வருகின்றன. அதே சொல்லை வேறு ஒரு தேடுபொறியில் போட்டபோது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் இந்த எஞ்சினைக் கழற்றிப் பூட்டி எழுதிய பக்கம் மூன்றாவதாக வந்தது. கூகிளில் அது ஐந்தாம் பக்கத்திலும் இல்லை. ஏன் இந்த வித்தியாசம்? (முத்தையன்கட்டு)

பதில்: இப்படிக் கேள்வி வந்தால் எழுத ஆசையாக இருக்கிறது, தம்பி.

கூகிள் போன்ற ஒரு தேடுபொறி இணையத்தை முன்கூட்டியே ஊர்ந்து பார்த்துத் தனக்கென்று ஒரு அட்டவணை வைத்திருக்கிறது. நீங்கள் தேடும்போது அது அந்த அட்டவணையைத்தான் பார்க்கிறது. கூகிளின் ஆரம்ப யோசனை, ஒரு பக்கத்தை எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள் என்று எண்ணுவது. இப்போது அதோடு வேறு பல கணக்குகளும் சேர்ந்துவிட்டன. போனில் ஒழுங்காகத் தெரிகிறதா, தேடுகிறவர் வாங்க வந்தவரா படிக்க வந்தவரா என்றெல்லாம் ஊகிக்கிறது. எஞ்சின் பெயரைப் போட்டதும் உங்களை வாங்க வந்தவர் என்று முடிவு கட்டியிருக்கும். தன் கொட்டிலில் எஞ்சினைக் கழற்றிய அந்த மனிதரின் பக்கத்தை யாரும் சுட்டியிருக்க மாட்டார்கள், அவரும் பல வருடமாக அதைத் தொட்டிருக்க மாட்டார். அறிவு அங்கே இருந்தாலும் கணக்கில் அவர் தோற்றுவிடுகிறார்.

அடுத்து, பெயர் வேறாக இருந்தால் ஆளும் வேறு என்று நினைக்க வேண்டாம். டக்டக்கோ என்ற தேடுபொறியின் வழமையான முடிவுகள் பெரும்பாலும் மைக்ரோசொப்டின் பிங்கிலிருந்து வருபவை. பிங்கில் பார்த்துவிட்டு டக்டக்கோவில் 'சரிபார்ப்பது' ஒரே கிணற்றில் இரண்டு வாளி விடுவது. 2024 மே மாதம் பிங் படுத்தபோது டக்டக்கோவும் எக்கோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் சேர்ந்து படுத்தன, அன்றைக்குப் பலருக்கும் வெளிச்சமானது. ஸ்டார்ட்பேஜ் தருவது பெரும்பாலும் கூகிளின் முடிவுகள், உங்களை யார் என்று கூகிளுக்குச் சொல்லாமல். உண்மையிலேயே வேறு கண் வேண்டுமென்றால் சொந்த அட்டவணை வைத்திருப்பவர்களிடம் போக வேண்டும். 2021இல் வந்த பிரேவ் சேர்ச், பிரித்தானியாவின் மோஜீக் ஆகிய இரண்டும் அப்படி.

உங்களுக்குப் பொருத்தமானது மார்ஜினாலியா. சுவீடனில் ஒரு தனி மனிதர் தொடங்கியது. எழுத்து அதிகமாகவும் விளம்பரக் குப்பை குறைவாகவும் உள்ள பக்கங்களை வேண்டுமென்றே மேலே தூக்குகிறது. பழைய எஞ்சின், பழைய வானொலி, தேனீ வளர்ப்பு போன்றவற்றுக்கு அதில் தேடினால் கடைக்காரர்கள் ஒதுங்கி, பித்துப் பிடித்தவர்கள் முன்னுக்கு வருவார்கள். எனக்கு அந்தப் பித்தர்களைப் பிடிக்கும். ஆங்கிலத்தில்தான் தேட வேண்டும். தமிழுக்கு அது உதவாது. கொழும்பில் எந்தக் கடையில் இருக்கிறது என்பதற்கும் உதவாது, அதற்குத் திரும்பக் கூகிளுக்குத்தான் வர வேண்டும்.

கூகிளிலேயே தேடுவதென்றால் எஞ்சின் பெயரை விடுங்கள். பாகத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். 'விலை', 'வாங்க' என்பவற்றின் ஆங்கிலச் சொற்களை அப்படிக் கழித்துப் பாருங்கள்.

கேள்வி: டக்டக்கோவில் தேடினால் சாமான் விலை குறைவாகக் காட்டுமாமே? (செட்டிகுளம்)

பதில்: காட்டாது. அது உங்களைப் பின்தொடர்ந்து கோப்பு வைப்பதில்லை, அவ்வளவுதான். விலை போடுவது கடைக்காரர்.

கேள்வி: பாதி விலைக்கு ஒரு போன் வந்தது. முதல் பக்கத்தில் மேலேயே இருந்ததால் நம்பி வாங்கினேன். இப்போது சிம் போட்டால் சிக்னல் இல்லை. பெட்டியில் பற்றுச்சீட்டும் இல்லை. போன வருடம் நீங்கள் எனக்குப் பதில் எழுதியது நினைவிருக்கும். (புதுக்குடியிருப்பு)

பதில்: நினைவிருக்கிறது தங்கச்சி. அப்போதும் பாதி விலை, அப்போதும் பற்றுச்சீட்டு இல்லை. அது மின்அடுப்பு.

வாங்க முதல் விற்கிறவரிடம் போனின் ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள இலக்கத்தை, கேளுங்கள். போன் கையில் இருந்தால் நட்சத்திரக் குறி, ஹாஷ், 06, ஹாஷ் என்று அழுத்தினால் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் போட்டு, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள். இதை எந்தத் தேடுபொறியும் உங்களுக்காகச் செய்யாது.

கேள்வி: 'பத்துச் சிறந்த மருந்தடிக்கும் பற்றரி மெசின்கள்' என்று பல பக்கங்கள் வருகின்றன. எல்லாவற்றிலும் அதே பத்து. எதை நம்புவது? (துணுக்காய்)

பதில்: ஒன்றையும் நம்பாதீர்கள். இந்தப் பட்டியல்களில் எனக்குத் தனிக் கோபம் உண்டு, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்படி ஒரு பட்டியலில் 'விவசாயிகள் விரும்பும்' என்று போட்டிருந்த மெசின் ஒன்று என் வீட்டுக் கோடியில் கிடக்கிறது. எந்த விவசாயி என்று எழுதியிருக்கவில்லை. காலபோகம் முடிய முதலே முதுகுப் பக்கமாக ஒழுகத் தொடங்கியது. மருந்து முதுகில் ஊறினால் என்னாகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குரிய சீல் கிளிநொச்சியிலும் இல்லை, வவுனியாவிலும் இல்லை. விற்றவர் 'பற்றரிக்குத்தான் உத்தரவாதம், டாங்கிக்கு இல்லை' என்றார். பேரப்பிள்ளைகள் அதில் தண்ணீர் நிரப்பி விளையாடுகிறார்கள், அவர்களுக்கு ஒழுகுவதுதான் சந்தோசம்.

பட்டியல் எழுதுகிறவர் அந்த மெசினைத் தொட்டிருக்கத் தேவையில்லை. அவர் பக்கத்திலுள்ள இணைப்பை அழுத்தி நீங்கள் வாங்கினால் அவருக்குத் தரகுக் காசு. ஆகவே அவருக்குத் தேவை கூகிளில் மேலே வருவது மட்டும். இது என் புலம்பல் மட்டும் இல்லை. ஜேர்மனியில் லைப்சிக், வைமார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 7,392 பொருள் மதிப்பீட்டுத் தேடல்களை ஒரு வருடம் கூகிள், பிங், டக்டக்கோவில் தொடர்ந்து பார்த்து, 2024இல் முடிவை வெளியிட்டார்கள். இணையத்திலுள்ள மதிப்பீட்டுப் பக்கங்களில் சிறு பங்குதான் இந்தத் தரகு இணைப்பை வைத்திருக்கிறது. ஆனால் தேடினால் மேலே வருபவற்றில் பெரும்பாலானவை அவைதான். தரகு கூடக் கூட எழுத்தின் ஆழம் குறைகிறது என்றும் கண்டார்கள். மூன்று தேடுபொறிகளும் இதில் மாட்டியிருந்தன. தேடுபொறியை மாற்றினால் இந்த நோய் போகும் என்று எனக்கு எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

மறுபக்கம், ஒரு பொருளை உண்மையிலேயே வாங்கிச் சோதிக்கிற சின்னத் தளங்கள் கீழே போகின்றன. காற்றுச் சுத்திகரிப்பான்களைத் தாங்களே சோதித்து எழுதும் ஹவுஸ்பிரெஷ் என்ற தளம், பெரிய சஞ்சிகைகளின் பட்டியல்கள் தங்களை எப்படிக் கூகிளில் கீழே தள்ளின என்று 2024 பெப்ரவரியில் விவரமாக எழுதியது. பெரிய பெயரை வாடகைக்கு விட்டு இப்படிப் பக்கம் போடுவதற்கு எதிராகக் கூகிள் அந்த வருடமே ஒரு விதி கொண்டுவந்தது. கொண்டுவர எவ்வளவு காலம்! கூகிளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இலேயே, மாணவர்களாக இருந்தபோது, விளம்பரக் காசில் ஓடும் தேடுபொறி விளம்பரக்காரர் பக்கம் சாயும் என்று தங்கள் ஆய்வுக் கட்டுரையில் எழுதிவைத்தவர்கள். பிறகு அதே காசில்தான் நடத்தினார்கள்.

சரி, உங்கள் மெசினுக்கு வருவோம். 'சிறந்த' என்று தேடாதீர்கள். மெசினின் மொடல் பெயரோடு 'ஒழுகுது', 'சார்ஜ் நிற்கவில்லை', 'சீல்' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடுங்கள். குறை சொல்கிற பக்கத்தில்தான் பாவித்த ஆள் இருப்பார். சொந்தமாக எடுத்த, மண் பிடித்த படம் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சீலை விற்கிற கடை உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று மெசின் வாங்க முதல் கேளுங்கள்.

கேள்வி: மாதம் காசு கட்டித் தேடும் தேடுபொறி இருக்கிறதாமே? பைத்தியமா? (மன்னார்)

பதில்: காகி என்று பெயர். விளம்பரம் இல்லை. பிடித்த தளத்தை மேலே ஏற்றவும் பிடிக்காததை அடியோடு மறைக்கவும் விடுகிறது. எல்லையில்லாமல் தேட மாதம் 10 டொலர், நம் காசில் மூவாயிரம் ரூபா பக்கம். முதலில் 100 தேடல் இலவசம். உதிரிப்பாகம் தேடுவதே தொழில் என்றால் அந்த நூறைத் தேடிப் பார்க்கலாம். வீட்டுக்கு என்றால் அந்தக் காசுக்குப் பசளை வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பெண்கள் சங்கம் தேன், உழுந்து மா, பனை ஓலைப் பெட்டி விற்கிறது. இணையத்தளம் இருக்கிறது, ஆனால் கூகிளில் வருவதே இல்லை. ஒருவர் 45,000 ரூபா தந்தால் ஒரு மாதத்தில் முதலாம் இடம் என்று உத்தரவாதம் தருகிறார். கொடுக்கலாமா? (ஒட்டுசுட்டான்)

பதில்: கொடுக்க வேண்டாம் அக்கா. ஒரு சதமும் வேண்டாம். முதலாம் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகிளே எழுதிவைத்திருக்கிறது.

நீங்கள் அனுப்பிய தளத்தைப் பார்த்தேன். விலைப்பட்டியல் முழுவதும் படமாக இருக்கிறது. மிச்ச எழுத்து பாமினி எழுத்துருவில் இருக்கிறது. பாமினியில் கண்ணுக்குத் 'தமிழ்' என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. ஒட்டுசுட்டான் தேன் என்று யாராவது தேடினால் அந்தச் சொல் உங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லை. எல்லாவற்றையும், கணினி தமிழைத் தமிழாகவே அறிகிற யூனிகோடு முறைக்கு மாற்றுங்கள். மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, ஏ.எல். படிக்கிற பிள்ளை ஒன்று ஒரு பின்னேரத்தில் செய்துவிடும். விலை, இடம், எப்படி எடுப்பது என்பவற்றை எழுத்தாகப் போடுங்கள். பிறகு கூகிள் சேர்ச் கொன்சோலிலும் பிங் வெப்மாஸ்டர் கருவியிலும் தளத்தைப் பதியுங்கள். இரண்டும் இலவசம்.

கூகிள் உங்களைப் பார்த்துவிட்டதா என்று அறிய, ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைத் தேடுங்கள். ஒன்றும் வராவிட்டால் பெரும்பாலும் இன்னும் பார்க்கவில்லை. 45,000 கேட்டவர் இதைச் செய்துவிட்டுத்தான் காசு கேட்டிருப்பார்.

உழுந்து மா ஒரு கிலோ எனக்கு எடுத்துவையுங்கள், காசு தந்து வாங்குவேன்.

கேள்வி: தேடினால் மேலேயே ஏஐ பதில் வருகிறது. கச்சானுக்கு மருந்து எவ்வளவு கலக்க வேண்டும் என்று அது சொன்ன அளவில் அடிக்கலாமா? (மல்லாவி)

பதில்: அடிக்காதீர்கள். 2024இல் கூகிளின் இந்த வசதி அமெரிக்காவில் வந்த புதிதில், யாரோ பகிடிக்கு எழுதிய ஒரு கருத்தை எடுத்து, சீஸ் ஒட்டுவதற்குப் பீட்சாவில் பசை சேர்க்கச் சொன்னது. போத்தல் லேபிளைப் படியுங்கள். விளங்காவிட்டால் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு எடுங்கள். எடுக்கும்போது போத்தல் கையில் இருக்கட்டும், பெயரைக் கேட்பார்கள்.